மாத்திரை தரும் பசி

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் பல இல்லங்களில் நிம்மதி திரும்புகிறது. காதில் ஒலித்த குரல்கள் அடங்குகின்றன, உறக்கம் வருகிறது. பிள்ளை அமர்ந்து வயிறார உண்பதைக் கண்டு தாயின் உள்ளம் குளிர்கிறது. மூன்றாம் மாதத்தில் சட்டைப் பொத்தான் எட்டாதபோதுதான் கவலை பிறக்கிறது. ‘வாயைக் கட்டக் கூடாதா?’ என்ற ஏச்சும் உடன் எழுகிறது.

அந்த ஏச்சு நியாயமன்று. ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரடோனின் ஆகியவை செயற்படும் சில இடங்களை மறித்துவிடுகின்றன. பசி மிகுகிறது, ‘போதும்’ என்னும் நிறைவு தாமதித்தே வருகிறது. உண்டு ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அடுக்களையில் நிற்பவர் பெருந்தீனிக்காரர் அல்லர். ரிஸ்பெரிடோனில் இவ்விளைவு நடுத்தரம். அரிப்பிப்ரசோலில் பொதுவாகக் குறைவு.

ஆகவே, மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடை பார்த்துவிட வேண்டும். பின்னர் வாரம் ஒருமுறை பார்த்து நாட்காட்டியில் குறித்து வாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் முதல் மாதத்திலேயே 3 கிலோ கூடினால், அடுத்த முறை போகும்போது சொல்லலாம் என்று காத்திராதீர்கள். இரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மருத்துவர் மருந்தை மெல்ல மாற்றலாம், மெட்ஃபார்மின் சேர்க்கலாம். நீரிழிவு இல்லாதவர்க்கும் இதன்பொருட்டு அது தரப்படுவதுண்டு. சராசரியாக 3 கிலோ அளவுக்கே அதனால் பயன் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடவே கூடாது. எடை குறையுமுன் நோய் திரும்பிவிடக்கூடும். பாதியாக உடைத்துக் கொடுக்கும் அன்பும் இதில் சேர்ந்ததே.

வீட்டில் செய்யத்தக்கவை பல. இம்மருந்துகள் சிலருக்கு நாவறட்சியைத் தரும். அத்தாகத்துக்குக் குளிர்பானம் அருந்தியே எடை கூடியவர்கள் உண்டு. தண்ணீரும் நீர்மோரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரவுப் பசிக்கு முறுக்கு டப்பாவுக்குப் பதில் வெள்ளரி, சுண்டல். அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் மனம் வாடும். குடும்பமே சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டட்டும். பிரசாதமான சர்க்கரைப் பொங்கலை மறுக்க வேண்டியதில்லை, ஒரு கரண்டியோடு நிறுத்தினால் போதும். விரத நாளிலும் மாத்திரை வேளை தவறலாகாது. பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் சேர்த்து உண்பதால் எடை குறைவதுமில்லை.

காலையில் மருந்தின் மயக்கம் நீங்காதிருக்கும். அந்நேரம் எழுப்பி நடக்கச் சொல்லி வருத்தாமல், மாலையில் ஒருவர் உடன் நடந்து செல்லுங்கள். எடைக் குறிப்பை அவரே எழுதட்டும். மருத்துவரிடமும் அவரே காட்டட்டும்.