காதை அடைத்த மிதிவண்டிப் பயணம்: சட்டம் பேச வேண்டாமா?

அண்மையில் ஒரு காலை, சாலையைக் கடக்கக் காத்திருந்தேன். பள்ளிச் சீருடையில் மிதிவண்டியில் சென்ற மாணவரின் இரு காதுகளிலும் இயர்போன். பின்னால் வந்த பேருந்து பலமுறை ஒலியெழுப்பியும் அவர் திரும்பவில்லை. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்ததால் விபரீதம் எதுவும் நேரவில்லை. அந்த மாணவர் சட்டத்தை மீறினாரா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயந்திர விசையால் இயங்கும் வாகனங்களுக்கானது. கையில் கைப்பேசியுடன் ஓட்டுவதைத் தண்டிக்கும் அதன் 184-ஆவது பிரிவு, காலால் மிதிக்கும் வண்டியைத் தொடாது. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் அலட்சியமாக ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு மிதிவண்டிக்கும் பொருந்தக்கூடும். ஆனால், பாட்டுக் கேட்பதே அலட்சியமா என்பதை அது சொல்வதில்லை.

பிற நாடுகளின் வழிகள் பலவிதம். பிரான்ஸ் 2015 ஜூலை முதல் மிதிவண்டியோட்டிகளுக்கும் இயர்போனைத் தடை செய்தது. அபராதம் 135 யூரோ. செவித்திறன் குறைந்தோரின் கருவிகளுக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியாவில் ஒரு காதில் மட்டும் அணியலாம். ஜெர்மனி கருவியைத் தடுக்கவில்லை. அதனால் செவிப்புலன் குன்றாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு என்கிறது. லண்டனில் 2013 நவம்பரில் இரு வாரங்களுக்குள் ஆறு மிதிவண்டியோட்டிகள் உயிரிழந்தபோது, அன்றைய மேயர் போரிஸ் ஜான்சன் தடை பற்றிப் பேசினார். கனரக வாகனங்களையும் சாலை அமைப்பையும் விட்டுவிட்டு, இறந்தவர்கள் மீது பழிபோடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. தடை வரவில்லை.

அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உரத்த இசையுடன் செல்லும் காரோட்டியின் காதும் அடைபட்டதுதான். அவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மிதிவண்டிக்காரருக்கு அதுவும் இல்லை.

ஆயினும், சட்டம் மௌனம் காப்பது எளியவருக்குச் சாதகமாகும் என்று நான் நம்பவில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் காரணம் என்று நிறுவப்பட்டால், தொகை குறைக்கப்படும். தெளிவான விதி இல்லாத இடத்தில், காதில் இருந்த இயர்போனே எதிர்த்தரப்பின் வாதமாகிவிடலாம்.

எனவே, ஜெர்மனியின் அணுகுமுறையே நமக்கு ஏற்றது. கேட்கும் கடமை எல்லா வாகனங்களுக்கும் பொதுவாகட்டும். ஒரு காதில் அணிய அனுமதி இருக்கட்டும். இயர்போன் அணிந்திருந்தார் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது. அதுவே விபத்துக்குக் காரணம் என்று நிரூபிக்கப்பட வேண்டும் என்றும் எழுதப்படட்டும். அந்த மாணவருக்கு அபராதச் சீட்டைவிட, ஒரு காதையாவது திறந்துவைக்கச் சொல்லும் ஆசிரியரும், மிதிவண்டிக்கென ஒரு தடமும்தான் அவசரத் தேவை.