சுபமும் சோகமும் யதார்த்தமும்

ஒரு காலத்தில் தமிழ்த் திரைப்படங்கள் பலவும் 'சுபம்' என்ற சொல்லோடு முடிந்தன. பிரிந்தவர் கூடுவர், தீயவன் திருந்துவான், அன்றேல் கைவிலங்கோடு செல்வான், குடும்பத்தினர் வரிசையாக நின்று சிரிக்க, அச்சொல் திரையில் எழும். சிற்றிதழ்களின் வழியே சினிமாவை அணுகிய நம்மில் பலருக்கு அச்சொல் ஏளனத்திற்குரியதாகிப் போனது. இன்ப முடிவென்றால் பொய், துயர முடிவென்றால் யதார்த்தம் என்றொரு சமன்பாடு நம் விமர்சன மொழியில் நெடுநாளாகப் புழங்கிவருகிறது. அது சரிதானா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

வெகுமக்கள் துயர முடிவை ஏற்கமாட்டார்கள் என்பதே முதலில் உண்மையன்று. 'மதுரை வீரன்' (1956) படத்தில் நாயகன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாள்கிறான். 'பாசமலர்' (1961) அண்ணனையும் தங்கையையும் ஒருசேரச் சாகவைக்கிறது. 'ஒரு தலை ராகம்' (1980) காதலைச் சொல்லாமலே ஒருவனை இறக்கச் செய்கிறது. மூன்றையும் மக்கள் கொண்டாடினார்கள். மெய்ப்பாடு எட்டினை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகைக்கு அடுத்தபடியாக அழுகையை வைத்தார். அழுது தீர்ப்பதற்கென்றே கொட்டகைக்குச் சென்ற தலைமுறைகள் நம்மிடையே உண்டு. ஆகவே, துயரம் தன்னளவில் வணிகத்திற்குப் பகையன்று. அதுவும் நன்கு விலைபோகும் சரக்குதான்.

அவ்வாறாயின் யதார்த்தத்தை எங்கே தேடுவது? முடிவு இன்பமானதா துன்பமானதா என்பதில் அன்று. அது கதைக்குள்ளிருந்து முளைத்ததா, வெளியிலிருந்து ஒட்டப்பட்டதா என்பதில்தான். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் இறுதியில் எவரும் சாவதில்லை. நினைவிழந்த பெண்ணுக்கு நினைவு திரும்புகிறது; அவளைப் பொறுத்தவரை அது நன்மையே. ஆனால் அந்த நன்மையே, அவளைக் குழந்தையாகப் பேணியவனை அவளுக்கு அந்நியனாக்கிவிடுகிறது. அவள் குணமடைய வேண்டும் என்று அவன் விரும்பிய கணத்திலேயே ரயில் நிலையத்தின் அந்த இறுதிக் காட்சி விதைக்கப்பட்டுவிட்டது. ஒருவரின் சுபமே மற்றவரின் சோகமாகும் இம்முடிவை மாற்றியமைக்க இயலாது. மாற்றினால் முழுக்கதையும் சரிந்துவிடும்.

2004-இல் வெளிவந்த பாலாஜி சக்திவேலின் 'காதல்' இவ்வகையில் நேர்மையான படம். சாதியும் பணமும் ஓர் இளைஞனை எவ்வாறு சிதைக்கும் என்பதைப் படிப்படியாகக் காட்டிய பின்னரே அது அவனைச் சித்தம் கலங்கியவனாக நம்முன் நிறுத்தியது. 'பருத்திவீரன்' (2007) குறித்து நமக்கு அத்தனை உறுதியில்லை. சாதியும் குடும்பப் பகையும் நெய்துவந்த கதையை, அப்பகைக்கு வெளியே நிற்கும் சிலரின் வன்கொடுமை முடித்துவைக்கிறது. வீரனின் பழைய செயல்களே அவனைத் தேடி வந்தன என்று வாதிடுவோர் உண்டு. வாதம் வலுவானதே, எனினும் அதற்கான விலையை முத்தழகின் உடல் செலுத்த நேர்வது நம்மை உறுத்துகிறது. இப்படங்களின் வெற்றிக்குப் பின், அரிவாளும் தாடியும் இறுதியில் ஒரு பிணமும் இருந்தால் அதுவே மண்வாசனை, அதுவே யதார்த்தம் என்றொரு வாய்பாடு உருவாயிற்று. முன்பு திருமண மண்டபம் இருந்த இடத்தில் இப்போது சுடுகாடு. கதையின் கேள்விகளிலிருந்து தப்பிச்செல்ல இரண்டுமே எளிய வழிகள்.

இது வெறும் அழகியல் வழக்கன்று. சாதி மறுத்துக் காதலித்தவர்களைத் திரை மீண்டும் மீண்டும் கொன்றுகொண்டேயிருந்தால், அக்கொலை விதியைப் போல, மழை வெயிலைப் போல இயற்கையான ஒன்றாகிவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளம் தம்பதியர் வெட்டப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. கணவர் இறந்தார். வழக்கமான திரைக்கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் படுகாயமுற்ற மனைவி பிழைத்தெழுந்தார். தம் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017-இல் திருப்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2020-இல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஐவரின் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இதனைச் சுபம் என்பதா, சோகம் என்பதா? வாழ்க்கை இவ்விரு சொற்களுக்கும் அடங்குவதாயில்லை. நம் படங்கள் முடிகிற இடத்தில்தான் யதார்த்தம் தொடங்குகிறது.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) அந்த இடத்தை உணர்ந்த படம். நாயகனைத் தண்டவாளத்தில் கிடத்திய பின்னும் அது அவனைச் சாகவிடவில்லை. காதலியோடு சேர்த்துவைக்கவும் இல்லை. மாறாக, அவளுடைய தந்தையின் எதிரே நிறுத்திப் பேசவைத்தது. இறுதியில் இரண்டு தேநீர்க் குவளைகள், இடையே ஒரு பூ. மேடையில் இன்னொரு பிணத்தைக் கிடத்துவதைவிட இது கடினமான யதார்த்தம். ஏனெனில் கொன்றவர்களும் தப்பியவர்களும் நாளையும் அதே ஊரில்தான் வாழ்ந்தாக வேண்டும். படம் சமரசம் செய்துகொண்டது என்று குறைகூறியவர்கள், நாயகன் செத்திருந்தால் மகிழ்ந்திருப்பார்களோ என்னவோ.

நம் மரபு இதனை அறியாததன்று. கோவலன் கொலையுண்டதோடு இளங்கோவடிகள் நின்றுவிடவில்லை. மதுரை எரிந்ததோடும் நிற்கவில்லை. வஞ்சிக் காண்டம் எழுதினார். கண்ணகிக்குக் கல்லெடுத்தது கோவலனை மீட்டுத் தரவில்லை. ஓர் அநீதியை அறிந்த பின் எஞ்சியிருப்போர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை அது எழுப்பியது.

ஆகவே, அடுத்த முறை ஒரு படத்தின் முடிவை யதார்த்தம் என்று புகழுமுன், அதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ண வேண்டாம். பிழைத்திருப்பவர்களை அது என்ன செய்தது என்று பார்ப்போம்.