பாராசூட் இருந்தும் இழுக்காத கை

செஸ்னா 172, சிர்ரஸ் எஸ்ஆர்22 ஆகிய இரு சிறு விமானங்களையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் வேகத்தில் தொடங்கி விலையில் முடிக்கின்றனர். இரண்டும் ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின் கொண்ட அமெரிக்க விமானங்கள். 1956இல் விற்பனைக்கு வந்த 172, இதுவரை 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டுள்ளது. வேறெந்த விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அதன் 172எஸ் வகைக்கு 180 குதிரைத்திறன், ஏறத்தாழ 124 நாட் வேகம். 2001இல் வந்த எஸ்ஆர்22க்கு 310 குதிரைத்திறன், ஏறத்தாழ 180 நாட். சொந்தமாகப் பறக்க விரும்புபவர் இவ்வளவில் மயங்கிவிடுவார்.

அவர் பார்க்க வேண்டிய எண் வேறு. இறங்குவதற்கான நிலையில், இறக்கை தன் தூக்குவிசையை இழக்கும் வேகம் 172எஸ்ஸுக்கு 48 நாட்; எஸ்ஆர்22க்குச் சுமார் 60. வேறுபாடு வெறும் 12 நாட்தானே எனத் தோன்றும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வது. முழுச் சுமையையும் (1,157 கிலோ, 1,633 கிலோ) கணக்கில் கொண்டால், அந்த வேகத்தில் எஸ்ஆர்22 சுமந்துவரும் ஆற்றல் மற்றதைப்போல இருமடங்குக்கும் மேல். எஞ்சின் நின்று ஏதோவொரு வயலில் இறங்க நேரும்போது இந்தக் கணக்கு உயிர்க்கணக்காகிறது.

சிர்ரஸ் நிறுவனம் இதற்கு அளித்த விடை, விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட். சுழன்று வீழும் நிலையிலிருந்து மீளும் வழக்கமான சோதனைக்கு ஈடாக அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. 2002இல் டெக்சாஸில் ஒரு விமானி அதை இழுத்து உயிர் தப்பினார்.

ஆயினும் தொடக்க ஆண்டுகளில் சிர்ரஸின் உயிரிழப்பு விகிதம் பிற சிறு விமானங்களைவிடக் குறைவாக இருக்கவில்லை. பாராசூட்டைக் கையெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டே பலர் மாண்டனர். விமானத்தை இறுதிவரை ஓட்டுவதே திறமை என்று பயின்ற கைகளுக்கு அந்தக் கைப்பிடியை இழுப்பது தோல்வியாகத் தோன்றியது. 'கடைசிப் புகலிடம்' என்று பெயரிட்டுவிட்டால் மனிதர் கடைசிவரை காத்திருக்கத்தானே செய்வர்! நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியைத் திருத்தி, தயங்காமல் முன்கூட்டியே இழுக்கக் கற்பித்த பின்னரே உயிரிழப்பு விகிதம் தெளிவாகச் சரிந்தது. இடையில் மாறியது முதன்மையாகப் பயிற்சி. பாராசூட் முதல் நாளிலிருந்தே விமானத்தில் இருந்தது.

ஆகவே, பாராசூட் இருப்பதால் எஸ்ஆர்22 பாதுகாப்பானது என்னும் விற்பனை வாதம் பாதி உண்மையே. மாதத்திற்கு ஓரிரு மணி நேரம், நல்ல வானிலையில் உள்ளூர் வானத்தைச் சுற்றிவருபவருக்கு 172 போதும். அதன் மந்தகதி அவர் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். நெடுந்தொலைவு அடிக்கடி செல்பவருக்கு எஸ்ஆர்22 தகும், ஆண்டுதோறும் பயிற்சிக்குத் திரும்ப அவர் உடன்படுவாரானால். அந்தப் பயிற்சியில் ஓர் எளிய வழக்கம் உண்டு. மேலெழுந்து 500, 600 அடியைக் கடக்கும்போது, பாராசூட் இனிப் பயன்படும் என்பதை விமானி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தனியாகப் பறந்தாலும் சொல்ல வேண்டும்.