கையடக்க விளையாட்டுக் கருவி: கூடுமா என்று கேட்குமுன்





கடந்த விடுமுறையில் சபரிலிருந்து ஊர் திரும்பிய என் மைத்துனர், வழக்கம்போல் பெட்டியைத் திறந்து அவரவர்க்கு உரியதைப் பிரித்துக் கொடுத்தார். பெரியவர்களுக்கு அத்தரும் பேரீச்சம்பழமும், பெண்களுக்கு அபாயாவும் வந்தன. பதினொரு வயதான என் மகனுக்கு வந்தது நின்டெண்டோ ஸ்விட்ச் 2 என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி. பெருநாள் பிறையைக் கண்டதுபோல் மலர்ந்த அவன் முகம், என்னைப் பார்த்ததும் வாடியது. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் வாப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்ற அச்சம் அது. என் மாமியாரோ வாய்விட்டே கேட்டார்: "மருமகனே, இதெல்லாம் நம்ம வீட்டுல கூடுமா?"

"பார்த்துட்டுச் சொல்றேன் மாமி" என்றேன்.

தப்பித்துக்கொள்வதற்காக நான் அவ்வாறு சொல்லவில்லை. ஒரு பொருள் இன்னதென்று விளங்கிக்கொள்ளாமல் அதன்மீது சட்டம் சொல்லலாகாது என்பது, ஃபிக்ஹ் கற்போர் தொடக்கத்திலேயே அறியும் ஒழுங்கு. பாங்குக்கு ஒலிபெருக்கி வந்த காலத்தில் அது கூடுமா என்று நம் முன்னோர் நெடுங்காலம் வாதித்தனர். இன்று அது இல்லாத பள்ளிவாசலைக் காண்பது அரிது. ஆகவே, ஒரு வார காலம் அந்தக் கருவியை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் கண்டதையும், அதனால் என்னைப் பற்றி நான் அறிந்துகொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். இது 2025 ஜூன் 5 அன்று விற்பனைக்கு வந்தது. முதல் நான்கு நாட்களிலேயே உலகெங்கும் 35 இலட்சத்துக்கும் மேல் விற்றதாக அதன் நிறுவனம் அறிவித்தது. திரை 7.9 அங்குலம். இருபுறமும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு கைப்பிடிகள் உள்ளன. அவற்றோடு சேர்த்து எடை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். கையில் வைத்தும் ஆடலாம், மேசையில் நிறுத்தியும் ஆடலாம், தொலைக்காட்சியில் இணைத்தும் ஆடலாம். ஒருமுறை மின்னூட்டினால், ஆடும் விளையாட்டைப் பொறுத்து 2 மணி முதல் 6.5 மணி வரை தாங்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் வெளியானபோது அதன் விலை 450 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 38 ஆயிரம் ரூபாய். விளையாட்டுகளுக்குத் தனி விலை. நம் மக்தபுகளில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகள் பலருடைய மாத வருமானத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், வீண்விரயம் பற்றிய எச்சரிக்கை நினைவுக்கு வராமல் இருக்காது.

படம் தெளிவாக இருந்தது. பொத்தான்கள் சிறு கைகளுக்கு ஏற்றவையாக இருந்தன. உடன் வந்த மாரியோ கார்ட் வேர்ல்ட் என்ற வண்டிப் பந்தயத்தில் ஒரே நேரத்தில் 24 வண்டிகள் ஓடுகின்றன. என் மகன் முதலாவதாக வந்தபோது நான் இருபத்து மூன்றாவதாக வந்துகொண்டிருந்தேன். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் ஆசை தீருமட்டும் பார்த்து முடிக்கும்வரை, அவர்களுக்குத் திரையாக நின்று காத்திருந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த அன்னையோடு ஓட்டப்பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். பிள்ளைகளின் விளையாட்டை முகம் சுளித்துப் பார்ப்பது மார்க்கப்பற்றின் அடையாளம் ஆகாது.

எனினும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கும் இல்லை. இந்த நிறுவனம் 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஹனஃபுதா என்னும் சீட்டுக்கட்டுகளைச் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. அச்சீட்டுகள் அந்நாட்டில் சூதாட்டத்துக்குப் பெரிதும் பயன்பட்டவை. பழைய கதைதானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் விளையாட்டும் சூதும் எவ்வளவு அருகருகே வசிக்கின்றன என்பதை அது காட்டுகிறது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆடும் விளையாட்டு ஒரு வகை. இலவசமாக உள்ளே அழைத்து, பின்னர் என்ன இருக்கிறதென்று தெரியாத பரிசுப்பெட்டிகளைப் பணம் கட்டித் திறக்கச் செய்யும் விளையாட்டு வேறு வகை. அத்தகைய பெட்டிகள் சிலவற்றைப் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அல்மாயிதா அத்தியாயம் மதுவோடு சேர்த்து மைஸிரையும் விலக்கியிருப்பதை அறிந்த நமக்கு, இதில் பிறர் சொல்லித் தெரிய வேண்டியது எதுவுமில்லை. பிள்ளை ஆடுவது எந்த வகை என்று எட்டிப் பார்க்கும் கடமை மட்டும் நமக்கு உண்டு.

அடுத்தது நேரம். விளையாட்டு அடிமைத்தனத்தைத் தனி ஒரு கோளாறாக உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஆடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை முற்படுத்துதல், தீங்கு கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அரை மணி நேரம் ஆடும் பிள்ளையெல்லாம் நோயாளி என்று இதற்குப் பொருளில்லை. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பெரும்பாலோர் ஏமாந்து இழக்கும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைச் சொல்கிறேன். மகன் ஆடிக்கொண்டிருந்தான். மஃரிப் பாங்கு ஒலித்தது. அதட்டுவதற்கு நான் வாயைத் திறக்குமுன், அவன் மேலே இருந்த ஒரு பொத்தானை அழுத்திக் கருவியை உறங்க வைத்துவிட்டு ஒளூச் செய்ய எழுந்தான். "விட்ட இடத்துலயே இருக்கும் வாப்பா, தொழுதுட்டு வந்து பாத்துக்கலாம்" என்றான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தொழுது முடித்துப் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தேன். கைப்பேசியில் நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களின் செய்திகள் குவிந்து கிடந்தன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்தது. மார்க்கச் சொற்பொழிவுக் காணொளி ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானாகத் தொடங்கியது. அருகே நின்ற மகன் வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கேட்டான்: "வாப்பா, கேம் மெஷின்ல நேரம் வைக்கிற மாதிரி உங்க போனுக்கும் வைக்கலாமா?"

அவன் குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் பதில் சொல்லாமல் எழுந்தேன்.

அந்தக் கருவியில் பிள்ளைகளின் நேரத்தைக் கட்டுப்படுத்தப் பெற்றோருக்கென ஒரு செயலி உண்டு. நாளொன்றுக்கு எத்தனை நிமிடம், இரவு எத்தனை மணிக்குமேல் கூடாது, எந்த வயதுக்குரிய விளையாட்டு, பணம் கட்டி வாங்கலாமா என்பதையெல்லாம் நம் கைப்பேசியிலிருந்தே வரையறுக்கலாம். பிறரோடு பேசியபடி ஆடும் வசதியும் புதிதாக உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அனுமதித்தால்தான் அது திறக்கும். எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. பல வீடுகளில் கருவியை வாங்கிக் கொடுப்பவர் இருக்கிறார், தாழ்ப்பாள் போடுபவர் இல்லை. அவரவர் தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படும் மேய்ப்பர்கள் என்ற நபிமொழியை மிம்பரில் கேட்கும் நாம், அந்தச் செயலியைப் பதிவிறக்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, மொட்டைமாடியில் மைத்துனர் மனம் திறந்து பேசினார். தம் மகனுக்கும் இதே கருவியை மூன்று மாதங்களுக்கு முன்பே ஆள் மூலம் அனுப்பியிருந்தாராம். "அதுக்குப் பிறகு போன் பண்ணினா அவன் கண்ணு என் மேல இல்ல மச்சான். சரி வாப்பா, சரி வாப்பான்னு சொல்லிட்டு வெச்சிடறான்" என்றார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் வரும் தகப்பன் அவர். தாம் இல்லாத குறையைப் பொருளால் ஈடுசெய்ய நினைத்தார். அந்தப் பொருளே இருந்த கொஞ்சப் பேச்சையும் எடுத்துக்கொண்டது. நம் ஊர்களில் இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதைச் சபராளி குடும்பங்கள் அறியும்.

ஆனால் அதே விடுமுறையில் வேறொன்றையும் கண்டேன். இரண்டு கைப்பிடிகளையும் கழற்றி, ஒன்றைத் தகப்பனிடம் கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று அந்தப் பையன் கற்றுக்கொடுத்தான். தகப்பன் தோற்றுக்கொண்டே இருந்தார். தோளோடு தோள் சாய்ந்து இருவரும் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் பையன் எழுந்து போகவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நண்பனோடு ஏற்பட்ட சண்டையைப் பற்றியும் பேசத் தொடங்கினான். தொலைபேசியில் வராத பேச்சு அது.

ஆகவே மாமியாருக்கு நான் சொன்ன பதில் இது: சூது கலவாமல், ஆபாசமும் அருவருப்பும் இல்லாமல், தொழுகையையும் படிப்பையும் உறக்கத்தையும் பாழாக்காமல் இருக்கும்வரை இதை விலக்க எனக்கு ஆதாரம் தெரியவில்லை. விளையாட்டில் வரும் இசையைப் பேணுதலாகத் தவிர்ப்போர் ஒலியை அடைத்துக்கொள்ளலாம். இதற்கு மாறான கருத்துடைய உலமாக்களும் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு நிபந்தனைகளோடு அனுமதித்தேன்.

கருவி கூடத்து அலமாரியில் இருக்கும், படுக்கையறைக்குள் போகாது. அஸருக்குப் பின் முக்கால் மணி நேரம் மட்டும் ஆடலாம், பாங்குக்குப் பத்து நிமிடம் முன்பே அது அணைய வேண்டும். பணம் கட்டி எதையும் வாங்கும் வழி அடைக்கப்பட்டிருக்கும். நான்காவது நிபந்தனை எனக்குரியது. மகன் ஆடும் அந்த முக்கால் மணி நேரம் என் கைப்பேசி அதே அலமாரியில் இருக்கும், இரண்டாவது கைப்பிடி என்னிடமோ அவன் உம்மாவிடமோ இருக்கும்.

மூன்று வாரங்கள் கடந்துவிட்டன. நிபந்தனை இதுவரை இரண்டு முறை மீறப்பட்டது. இரண்டு முறையும் மீறியவன் நான்தான். இரண்டாம் முறை மகன் ஒன்றும் சொல்லாமல் அலமாரியைச் சுட்டிக்காட்டினான்.

சபரிலிருக்கும் சகோதரர்களே, பெட்டியில் இதை வைக்குமுன் ஒன்றை எண்ணிப்பாருங்கள். கொடுத்துவிட்டு விலகுவதற்காக வாங்குகிறீர்களா, உடன் அமர்வதற்காக வாங்குகிறீர்களா? ஊரிலிருக்கும் பெற்றோரும் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு நல்ல முன்மாதிரியாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. நமக்கு அளிக்கப்பட்ட நேரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.