வக்கீல் வரலைன்னா வாய்தா கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும். அதனால், வெயில் அடிக்கும் மாதங்களில் ஒரு நாள் கூலியை விடுவதும் பெரிய இழப்புதான். நிலத் தகராறோ கடன் வழக்கோ இருந்தால், அந்தக் கூலியை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். போய் நின்றால், 'வக்கீல் வரல, வாய்தா' என்று பதில் வரும். இப்படி வாய்தா கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறதா?

வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தால்?

அது ஒரு காரணமே இல்லை. வாய்தா பற்றிப் பேசுவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-வது கட்டளை. வழக்கறிஞர் இன்னொரு நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக விசாரணையைத் தள்ளிவைக்கக் கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது.

உடம்பு சரியில்லை என்றால்? அதற்கும் தானாக வாய்தா கிடைத்துவிடாது. வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவகாசம் இல்லை என்று நீதிபதி நம்ப வேண்டும். முந்தைய நாள் இரவு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்ந்தவருக்கும், மாதக்கணக்கில் சிகிச்சையில் இருப்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சாட்சி கூண்டுக்கு வந்து நிற்கும்போது வக்கீல் இல்லையென்றால் சிக்கல் இன்னும் பெரிது. குறுக்கு விசாரணை இல்லாமலேயே சாட்சியத்தை முடித்துவைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

மூன்று வாய்தா என்றால் மூன்றே மூன்றுதானா?

வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்ற வரம்பு, 2002 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-ல் வந்த தீர்ப்பு வரம்பை ரத்து செய்யவில்லை. ஆனால், கைமீறிய சூழலில் நான்காவது முறையும் தரலாம் என்றது. அதற்குச் சொன்ன உதாரணங்களில் ஒன்று சுனாமி. திடீர் விபத்து, மருத்துவமனை அனுமதி போன்றவையும் இதில் வரும்.

குற்றவியல் வழக்குகளில் பிடி இன்னும் இறுக்கம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 346-வது பிரிவுப்படி, சூழ்நிலை கைமீறிப் போனாலும் ஒரு தரப்புக்கு அதிகபட்சம் இரண்டு வாய்தாதான். அதற்கும் நீதிபதி காரணத்தை எழுத வேண்டும்.

தப்பு வக்கீலோடது, நஷ்டம் யாருக்கு?

பெரும்பாலும் கட்சிக்காரருக்குத்தான். வாதி தரப்பில் யாரும் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். பிரதிவாதி தரப்பு இல்லையென்றால் 'எக்ஸ் பார்ட்டி' தீர்ப்பு வரலாம். இரண்டையும் நீக்கக் கோரி மனுப்போட பொதுவாக 30 நாள்தான் அவகாசம். தாமதமானால், அந்தத் தாமதத்துக்கும் தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.

இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1981-ல் ரபீக் வழக்கில், கிராமத்துக்காரரான மேல்முறையீட்டாளர் வக்கீல் மேல் நம்பிக்கை வைத்துத் தன் வேலையைச் செய்துவிட்டார். வக்கீல் வராததற்கு அவரைத் தண்டிக்க முடியாது என்று மேல்முறையீட்டுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1993-ல் சலீல் தத் வழக்கில், எதிரே இருந்தது கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம். வக்கீல் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆக, கட்சிக்காரர் யார், தன் வழக்கில் எவ்வளவு அக்கறை காட்டினார் என்பதை நீதிமன்றம் பார்க்கிறது. அந்த அக்கறைக்கு ஆதாரம் வேண்டும்.

வக்கீல்கள் கோர்ட்டைப் புறக்கணித்தால்?

வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று 2002-ல் ஹரிஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வக்காலத்து போட்டவர் ஆஜராகத்தான் வேண்டும். நடைமுறையில் புறக்கணிப்பு நாளில் பல வழக்குகள் தள்ளிப்போகின்றன. அதை நம்பிக் கட்சிக்காரரும் வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து.

கட்சிக்காரர் என்ன செய்யலாம்?

* இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். முந்தைய நாளே வக்கீலிடம் உறுதி செய்யுங்கள். மெசேஜாக இருந்தால் நல்லது, பிறகு ஆதாரமாகும்.

* வக்கீல் வர முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், காரணத்தோடு எழுத்துமூலம் மனுப்போடச் சொல்லுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் சேர்க்கலாம். எதிர்த்தரப்புக்கும் தகவல் போகட்டும். அவர்களுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. வாய்தாவுக்குச் செலவுத் தொகை கட்டச் சொல்லி உத்தரவிடவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

* கடைசி நேரத்தில் தெரிந்தால் நேரில் போங்கள். வழக்கு எண்ணைக் கூப்பிடும்போது எழுந்து, வக்கீல் வராத காரணத்தை நீங்களே நீதிபதியிடம் சொல்லலாம்.

* குற்ற வழக்கில் எதிரியாக இருப்பவர் வராமல் இருந்தால் பிடிவாரண்ட் வரலாம். பழைய '317 பெட்டிஷன்' இப்போது பி.என்.எஸ்.எஸ். 355-வது பிரிவில் போடப்படுகிறது.

* வக்கீல் தொடர்ந்து வரவில்லையென்றால் மாற்றிக்கொள்வது உங்கள் உரிமை. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டுகளைப் பிடித்துவைக்க முடியாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

* வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். உதவி எண்: 15100.