குவார்ட்ஸ் பென்ட்ரியும் கல் வெட்டுகிற பொடியனும்



மகளுக்குக் கட்டுகிற வீட்டுக் குசினியில் குவார்ட்ஸ் பலகை இல்லாவிட்டால் இப்போது மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் சுருங்குகிறது. சீதன வீடே பிழை என்று எழுதி ஏற்கெனவே நிறைய ஏச்சு வாங்கியாச்சு. இன்றைக்கு அந்தக் கல்லைப் பற்றி மட்டும்.

"கறை பிடிக்காது, கீறாது, ஆயுசுக்கும் நிற்கும்" என்கிறார்கள் கடைக்காரர்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. ஆனால் அது மலையில் வெட்டிய கல் அல்ல. குவார்ட்ஸை நொறுக்கி, பிசினில் குழைத்து, அழுத்திச் சூடாக்கி எடுத்த பலகை. கல்லுக்குச் சூடு பெரிதல்ல, பிசின் தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய புரியாணிச் சட்டியை நேரே வைத்தால் தழும்பு விழும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இதுவா ஆயுசுக்கும் நிற்பது?

வெள்ளை மாபிளும் நமக்குச் சரிவராது. தேசிக்காய்ப் புளி பட்ட இடமெல்லாம் மங்கிப்போகும்.

கருங்கிரனைட் போடுங்கள். சூடு தாங்கும், கத்தி கீறாது. கடையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கல் கருத்தால் உறிஞ்சுகிறது என்று அர்த்தம், சீலர் பூச வேண்டும். அவ்வளவுதான் கரைச்சல்.

இதெல்லாம் நம்முடைய காசுக் கணக்கு. எனக்குக் கோபம் வேறு இடத்தில். குவார்ட்ஸ் பலகையில் 90 வீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். கிரனைட்டில் பொதுவாகப் பாதிக்கும் குறைவு. கிரைண்டரால் காய வெட்டும்போது பறக்கிற தூளில் கண்ணுக்கே தெரியாதது நெஞ்சுக்குள் போய் நுரையீரலைத் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர். மருந்தால் மாறாது. தூள் அதிகமென்றால் சில வருடங்களிலேயே பிடித்துவிடும். இளம் தொழிலாளர்கள் இப்படி விழுந்ததைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லை வெட்டவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டது. உலகில் முதல் தடை அதுதான்.

இங்கே? ஓ.எல். எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை வேலைக்குப் போகிற பிள்ளை, முகத்தில் டீசேர்ட்டைக் கட்டிக்கொண்டு, நம் வீட்டு விறாந்தையில் இருந்து சிங்குக்கு ஓட்டை வெட்டுகிறான். டீசேர்ட் அந்தத் தூளைத் தடுக்காது. நாம் கதிரை போட்டிருந்து "மாஷா அல்லாஹ், நல்ல பினிஷிங்" என்கிறோம். கூலியைத் தாமதிக்கக் கூடாது என்று எத்தனை பயான் கேட்டிருப்போம்! அந்தப் பிள்ளையின் மூச்சு மட்டும் யார் கணக்கில்?

"சேர், அவங்கட தொழில்ல மண் போடாதீங்க" என்று கொமெண்டில் வருவீர்கள், தெரியும். தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. கிரனைட்டிலும் சிலிக்கா உண்டு, அதையும் காய வெட்டக்கூடாது. அளவை முன்கூட்டியே கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டும் போதாது, தூளை உறிஞ்சும் மெஷினும் சரியான மாஸ்க்கும் வேண்டும். சதுர அடி எவ்வளவு என்று கேட்கிற அதே வாயால் இதையும் கேளுங்கள். கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். குசினி லைட்டுக்குக் கொடுக்கவில்லையா?