இரும்பு வீடும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும்

பிள்ளை கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றால் எங்கள் வீடுகளில் முதல் கேள்வி, சம்பளம் எவ்வளவு என்பதுதான். அதிலும் அனர்த்த மீள்கட்டுமானம், சமூக மேம்பாடு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

2016இல் பேசப்பட்ட திட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 இரும்பு வீடுகள். ஒன்று ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். பெருக்கினால் 13,650 கோடி. அதற்கு முன் இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். தவணையாக வங்கிக் கணக்கில் போட்டார்கள். மேசனைப் பிடித்துச் சனங்களே கட்டினார்கள். காசு போதாமல் பலர் கடன்பட்டது உண்மை. ஆனாலும் மணலுக்கும் கூலிக்கும் கொடுத்த காசு ஊருக்குள் நின்றது. இரும்பு வீட்டில் பெரும்பகுதி தகடு செய்பவனுக்குப் போயிருக்கும்.

அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள், கட்டடம் தெரிந்தவர்களும் கேள்வி கேட்டார்கள். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. வன்னி வெயிலில் இரும்புச் சுவருக்குள் எப்படிப் படுப்பது? விறகடுப்பு எங்கே? துருப்பிடித்தால் ஊர் மேசன் திருத்துவானா? மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இன்னோர் அறை இறக்கலாமா? இதையெல்லாம் கேட்கப் பழக்குவதுதான் அந்தப் படிப்பு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகம் இதைக் கட்டடக்கலைப் பிரிவுக்குள்ளேயே முதுகலைப் பட்டமாகக் கற்பித்து வந்திருக்கிறது.

சுனாமிக்குப் பின் கிரிந்தவில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு வீடு வரைந்த ஜப்பானியர் ஷிகெரு பான், முதலில் அவர்களிடம் பேசினார். விருந்தாளி வந்தால் பெண்கள் ஒதுங்க இடம் வேண்டும் என்றார்கள். அதற்கேற்பக் கூரை போட்ட முற்றம் வந்தது. சுவர் அமுக்கிய மண்கல். 2014இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற அதே ஆள்தான்.

நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? இங்கிருந்து காசு சேர்த்து ஊரில் வீடு கட்டிக் கொடுத்தபோது பற்றுச்சீட்டுகளைத் துருவித் துருவிப் பார்த்தோம் (தொழில் அப்படி). கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் எத்தனை அடி இடைவெளி என்று கேட்கவில்லை. படம் வந்ததும் பெயர்ப்பலகை நேராக இருக்கிறதா என்று பார்த்தோம்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் மண்சரிவைக் கொண்டுவந்தது. திரும்பவும் சங்கங்களில் உண்டியல் குலுங்குகிறது. லயன் காம்பராவில் இருந்தவர்களில் பலருக்குச் சொந்தக் காணியே இல்லை. அப்படியானால் வீட்டுக்கு முன் காணி. காணிக்கு முன், அந்தச் சரிவு நிற்குமா என்று பார்க்கத் தெரிந்த ஆள். இம்முறை செலவுத் திட்டத்தில் அந்த ஆளின் கூலிக்கும் ஒரு வரி ஒதுக்குவோம். எங்கள் பிள்ளைகளில் யாராவது அந்த வேலைக்குப் படிக்கக் கேட்டால், கட்டணத்துக்கும் ஒரு வரி.